புற்றுக்காளானுக்கு மாற்று

நோரிஸ் ரோடு,
சிங்கப்பூர்.
12-10-1957

அன்புள்ள தம்பி துரைசாமிக்கு,

அண்ணி ரத்தினம்மா எழுதுவது. நானும் சிவகாமியும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். கூலாய்த் தோட்டத்தில் நீயும் தங்கமும் பிள்ளைகளும் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சயாமிலிருந்து நீ கொண்டுவந்த கால் புண் மழை வந்தால் கடுக்கும் என்பாயே, இப்போது எப்படி இருக்கிறது? வேப்பெண்ணெயைச் சுடவைத்துத் தடவச் சொல்லித் தங்கத்திடம் சொல். நீயாகத் தடவமாட்டாய். நீ அரைக்கால் சட்டையோடு திரிந்த காலத்தில் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான், உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாதா?

உன் கடிதம் போன வாரமே வந்தது. புற்றையெல்லாம் இடித்து மண்ணைச் சமமாக்கிவிட்டார்கள், இந்த வருஷம் காளான் கிடையாது, வேறு எதையாவது வைத்துச் சமாளியுங்கள் அண்ணி என்று எழுதியிருந்தாய். சரி என்று நானும் சமாளிக்கப் பார்த்தேன். அந்தக் கூத்தைச் சொல்லும் முன் கல்யாணச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பெண் சிவகாமிக்குத் தை மாதம் முகூர்த்தம் என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை அழகப்பன் துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கிறார். அதிகம் பேசுவதில்லை, ஆனால் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப் போடுகிறார். அது போதும் எனக்கு. அவருடைய தகப்பனார் கோவிந்தசாமியும் நல்ல மனிதர். சீர் செனத்தி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அதுவும் தயங்கித் தயங்கி.

பத்திரிகை அடிக்கப் போனோம். உன் அண்ணன் பெயரை நான் சொல்லக்கூடாது என்பதால் சிவகாமியே ஒரு தாளில் வேலாயுதம் என்று எழுதிக் கொடுத்தாள். பெயருக்கு முன்னால் என்ன போட, 'திரு'வா, 'காலஞ்சென்ற'வா என்று அச்சகத்துக்காரர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பிறகு வந்து சொல்கிறோம் என்று தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் சம்பந்தி நம் வீட்டுக்கு வந்தார். "தீபாவளிக்கு மொத நாளு பெரியவங்களுக்குப் படையல் போடுவீங்கல்ல, இந்த வருஷம் அவருக்கும் சேத்துப் போட்டுடுங்கம்மா. ஒரு நல்ல காரியத்துக்கு முன்னால மனசுல ஒரு முடிவு வந்துரட்டும்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிதர் வேறு எப்படித்தான் கேட்பார்? நான் நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் நிற்கிறேன். மணமேடையில் ஆரத்தித் தட்டை நான் தொடலாமா கூடாதா என்று நாலு பேர் என் காதுபடவே பேசும்படி அவர் மகன் கல்யாணம் நடக்க வேண்டாம் என்று அவர் நினைப்பது நியாயம்தான்.

அதனால்தான் போன மாதம் உனக்கு எழுதினேன், இந்தத் தீபாவளிக்கு உன் அண்ணனுக்கும் படையல் போடப்போகிறேன், காளான் வேண்டும் என்று. அவருக்கு இலை போட்டு அதில் புற்றுக்காளான் குழம்பு இல்லாவிட்டால் அது என்ன படையல்? கோழிக்கறியைத் தள்ளி வைத்துவிட்டுக் காளானுக்குக் கை நீட்டுகிற ஆள். எவ்வளவு கழுவினாலும் அதில் ஒரு துளி மண் பல்லில் படும். உடனே என்னைப் பார்த்து, "புருசனை மண்ணைத் தின்ன வச்சிட்டியே" என்பார். சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்பார்.

இனி அந்தக் கூத்து. முதலில் தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் சீனர் கடையில் காய்ந்த காளான் வாங்கினேன். கறுப்பாக, குடை போல இருக்கும். கடைக்காரத் தவுக்கே அதைத் தங்கத்தை நிறுப்பது போல நிறுத்தார். ஊறவைத்துக் குழம்பு வைத்தால், நான் வறுத்து அரைத்த மிளகும் சீரகமும் எங்கே போயின என்று தெரியவில்லை. வீடு முழுக்க அதன் வாசம்தான். ஆனால் ஊறிய தண்ணீர் மட்டும் நல்ல ருசி, அதைக் கொட்ட மனம் வரவில்லை. அடுத்தது டின் காளான். நம் மெஸ்ஸில் சாப்பிடும் முத்துசாமி இருக்கிறானே, ரோடு போடுகிற வேலைக்காரன், எதைப் போட்டாலும் குறை சொல்லாமல் தின்பவன், அவனே ஒரு வாய் மென்றுவிட்டு, "அக்கா, இது பைப்புக்குப் போடுற வாஷர் மாதிரி இருக்கு லா" என்றான். அதற்குப் பிறகு காது மடல் போல ஒரு கறுப்புக் காளான். அது பல்லுக்கு நறுக்நறுக்கென்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மசாலாவோடு சேரவே இல்லை. குழம்பு ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

மாடிப்படி ஓரத்து வீட்டில் இருக்கும் உம்மு சல்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் பிஞ்சுப் பலாக்காய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "நார் நாராப் பிரியுறதுக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு, இதுல வச்சுப் பாருங்க அக்கா" என்றாள். அவள் சொன்னது சரி. பலாவை அவித்து, விரலால் பிய்த்து, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் வதக்கி, தேங்காயை வறுத்து அரைத்துவிட்டு, தண்ணீருக்குப் பதில் அந்தச் சீனக் காளான் ஊறிய தண்ணீரை ஊற்றினேன். அன்றைக்கு முத்துசாமி தட்டை வழித்துவிட்டு, புற்றுக்காளான் எங்கே கிடைத்தது, ஜொகூரில் தம்பியின் தோட்டத்திலிருந்து வந்ததா என்று கேட்டான். சிவகாமிகூட ஒரு நிமிஷம் ஏமாந்து போனாள். இத்தனை வருஷம் சமைக்கிறேன், இப்படி ஒரு கைத்திறனை நான் காட்டியதே இல்லை என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சம்பந்தியம்மாவும் அன்று வந்திருந்தாள். ருசி பார்த்துவிட்டு, இதையே படையலில் வைத்துவிடுங்கள், மனசுதானே முக்கியம் என்றாள். முடியாது என்று என் வாயிலிருந்து பட்டென்று வந்துவிட்டது. அவள் முகம் வாடிவிட்டது. பிறகு காப்பி கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

ஏன் முடியாது என்று அவளுக்குச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் நீ கூடையில் காளான் கொண்டுவந்து கொடுப்பாய். நான் குழம்பு வைத்து ஒரு தட்டில் போட்டு மூடி வைப்பேன். விளக்கு ஏற்றமாட்டேன், காக்கைக்கு வைக்கமாட்டேன். வேலை முடிந்து வர நேரமாகிற ஆளுக்கு எடுத்து வைப்பது போலத்தான். ராத்திரி ஆனதும் நானே அதைச் சாப்பிட்டுவிடுவேன். அந்தத் தட்டில் பலாக்காயை வைத்தால் குற்றமில்லை. உயிரோடு இருக்கிறவர் குறை சொல்லிக்கொண்டே தின்றுவிடுவார், அடுத்த முறை சரியாகச் செய்துகொள்ளலாம். போய்விட்டவருக்குப் போடுகிற இலையில் அப்படிச் செய்ய எனக்கு மனம் இல்லை. அங்கே அடுத்த முறை என்று ஒன்று ஏது?

ஆக, காளான் இல்லை, அதனால் படையல் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவே இருந்தது. மூன்று நாள் நன்றாகத் தூங்கினேன்.

நேற்று உங்கள் லயத்து வரிசை வீட்டுப் பாப்பம்மா தீபாவளிக்குச் சேலை எடுக்கத் தேக்காவுக்கு வந்தவள், என்னையும் பார்க்க வந்தாள். பேச்சுவாக்கில், இந்த வருஷம் காளான் என்ன காளான், துரைசாமி அண்ணன் வீட்டுப் பின்னால் இருக்கிற புற்றில் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது, அவர் தொடவே இல்லை, பிள்ளைகளையும் தொடவிடவில்லை, நாங்கள்தான் பறித்துத் தின்றோம் என்றாள். அடுத்த மழைக்கு இன்னும் ஒரு தடவை வரும் என்றும் சொன்னாள். நான் அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

தம்பி, எனக்கு உன்மேல் வருத்தம் இல்லை. நீ என்னிடம் பொய் சொல்லி நான் கண்டதில்லை. இப்போது சொல்லியிருக்கிறாய் என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட உங்கள் இரண்டு பேரையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி நீ ஒருவன்தான் வந்தாய். எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்று, அண்ணனை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள், அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை என்று சொன்னாய். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, இன்று வரைக்கும் கேட்கவில்லை. ஆனால் கண் இருக்கிறது அல்லவா? சட்டியிலிருந்தே காளானைத் திருடித் தின்கிற பையன், சயாமிலிருந்து வந்த பிறகு என் வீட்டில் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. கூடையை வைத்ததும் சாயங்கால பஸ்ஸைச் சொல்லிக் கிளம்பிவிடுவாய். நான் அந்தத் தட்டை மூடி வைப்பதை நீ பார்க்க நின்றதே கிடையாது.

இந்தத் தடவை காளான் எதற்கு என்று எழுதிவிட்டேன். அதனால்தான் உன் கை அதைப் பறிக்கப் போகவில்லை என்று நினைக்கிறேன். நீ அதைக் கொண்டுவந்து கொடுத்தால், வாயால் சொல்லாததைச் சொன்னது போல ஆகிவிடும் என்று பயந்திருப்பாய்.

அதையே நான் உன்னிடம் கேட்கிறேன். தீபாவளிக்கு முதல் நாள் திங்கட்கிழமை காலையில் நீ வரவேண்டும். உன் கண்ணால் பார்த்தது ஏதாவது இருந்தால், அந்தக் காளானைப் பறித்துக்கொண்டு வா. அதற்குள் அது பூக்காவிட்டால் வெறும் கூடையையாவது எடுத்து வா, நான் புரிந்துகொள்வேன். எந்த முகாம், என்ன நோய், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், அவர்மேல் சத்தியம். உனக்கும் எனக்குப் போலவே ஒன்றும் தெரியாது என்றால் வெறுங்கையோடு வா. பலாக்காய் இருக்கிறது, சீனக் காளானும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எப்போதும் போல ஒரு தட்டு எடுத்து மூடி வைத்துவிட்டு, 'திரு' என்றே பத்திரிகை அடித்துவிடலாம். சம்பந்தியிடம் பேச எனக்குத் தைரியம் உண்டு.

எது எப்படி ஆனாலும் மணமேடையில் சிவகாமியைத் தாரை வார்த்துக் கொடுக்க நீதான் நிற்கவேண்டும். அந்த ஓர் இடத்தில் அவருக்கு மாற்றாக உன்னை நிறுத்துவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவருக்கும் இருக்காது. தங்கத்தையும் பிள்ளைகளையும் பத்து நாள் முன்னதாகவே அனுப்பிவிடு. பெரியவளுக்குப் பாவாடை தைக்க அளவு வேண்டும்.

அன்றைக்கு மட்டும் சாயங்கால பஸ்ஸைச் சொல்லாதே. என் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ. இத்தனை வருஷம் நீ தனியாகவே சுமந்துவிட்டாய் அப்பா. மாரியாத்தா உன்னையும் உன் குடும்பத்தையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அண்ணி,
ரத்தினம்மா

மறந்துவிட்டேன். காளான் கொண்டுவந்தால் அங்கே கழுவ வேண்டாம். மண்ணோடேயே கொண்டுவா, நானே கழுவிக்கொள்கிறேன்.