எதிர்ச்சுவர்க் கட்டில்

அம்மாவுக்கு வணக்கம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஆய்வுக் கட்டுரைகளையும் காப்புரிமை மனுக்களையும் துழாவி, அடுத்து எந்தக் கருவி வரும் என்று சொல்வதுதானே என் வேலை? தனியாகத் தூங்குபவரின் மூச்சை எண்ணும் கருவிக்கு இப்போது மனு குவிகிறது. அந்த மனுக்களோடு வரும் அத்தனை படத்திலும் என் அறை. கைப்பிடி உடைந்த அலமாரிகூட இருக்கிறது. கட்டிலில் ஒரு பெண்.

“உன் ரூமுக்கெல்லாம் எவன் பேட்டன்ட் கேப்பான், போம்மா!” என்று மேலாளர் சிரித்தார்.

நேற்று கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினேன். இன்று வந்த படத்திலும் அது எதிர்ச்சுவரோரம்தான். மனு போட்டு ஒன்றரை வருடம் கழித்துத்தான் வெளியாகும். நான் இந்த அறைக்கு வந்தே ஆறு மாதம்தான். இந்தப் படத்தில் கட்டில் காலி.

நீ பயப்படாதே. என் பழைய போர்வையை அனுப்பு. காலையில் போன் பண்ணு. எடுக்காவிட்டால், வீட்டுக்காரம்மாவைக் கதவைத் தட்டச் சொல்.

அவசரத்தில்,
உன் மகள்