கழற்றாமல் பேசு

இன்று கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் போகும்போது, சாலையோரம் யாரோ மக்காச்சோளத்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். வாடை ஜன்னல் வழியே குப்பென்று அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்து எரிச்சல் என்று பக்கத்து சீட்காரர் நினைத்திருப்பார், நினைத்துக்கொள்ளட்டும். நீ போன பிறகு அந்த வாடை வந்தாலே நீயும் வந்துவிடுகிறாய்.

பவர் ஸ்பிரேயர் வந்து, மருந்து பனி மாதிரி பறக்கத் தொடங்கிய காலம் அது. மருந்தடிப்பவர்களின் உடம்பு என்னாகிறது என்று ஆராயக் கிளம்பினோம். இரத்தம் பார்க்க ஒரு டாக்டரம்மா, முகமூடி செய்ய நான், மனிதர்களோடு பேச நீ. கள்ளக்குறிச்சியில் அந்த மருந்தையே விற்கும் உரக்கடைக்காரரின் மகன் நீ. களமோ எங்கள் அப்பாவின் வயல். நல்ல ஜோடிதான் நாம்!

கொடுத்த முகமூடி எல்லாம் கழுத்தில் தொங்கியது. வெக்கைதான் காரணம் என்று நான் துணியை மெலிதாக்கினேன், வாரை மாற்றினேன். நீ வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒரு நாள் சொன்னாய்: "வெக்கையும் இல்ல, வாரும் இல்லடா. உங்கப்பா வரப்புக்கு வந்தா கழட்டறாங்க. அப்புறம் மாட்டறதே இல்ல."

நான் நம்பவில்லை. மருந்தடிக்கும் ஏழுமலையிடமே கேட்டேன். "வாய மூடிக்கினு ஐயாகிட்ட இன்னான்னு பேசறதுங்க? தலைத்துண்டையே அவுத்துட்டு நிக்கிறோம். இது மட்டும் மருவாதியா இருக்குமா?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவைப் போய்க் குற்றவாளி ஆக்குகிறாயே என்று உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

நீ நேரே அப்பாவிடமே போய்விட்டாய்.

"நானா கழட்டச் சொன்னேன்?" என்று அவர் சீறினார்.

"சொல்லலீங்கப்பா. கழட்டாதன்னும் சொல்லலீங்களே."

மறுநாள் வரப்புக்குப் போன அப்பா, ஏழுமலையின் கை முகத்துக்குப் போவதைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்று கத்தினார்: "கழட்டாதப்பா! அப்படியே பேசு!" நீ என் முதுகில் ஒரு அறை விட்டாயே, இப்போதும் வலிக்கிறது.

பிறகு உன் நுரையீரலில் சளி கட்டி, சேலம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பெரிய டாக்டர் உள்ளே வந்ததும் நீ மாஸ்க்கை இறக்கிவிட்டு வணக்கம் வைத்தாய். அவர் திட்டித் தீர்த்தார். நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பாவி, அந்த நிலையிலும் உனக்குச் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் மறுபடி இறக்கினாய். இந்த முறை டாக்டருக்காக அல்ல, என்னைப் பார்த்து. "டேய்..." என்று தொடங்கினாய். நான் உன் கையை விலக்கி மாஸ்க்கைத் திரும்ப மாட்டினேன். "முதல்ல தேறி வா, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். விடிவதற்குள் நீ இல்லை.

நான் செய்தது சரிதான் என்று டாக்டர் சொன்னார். உன் மனைவியும் சொன்னார். எனக்கும் தெரியும். இன்றைக்கும் வயலில் யாராவது என்னைக் கண்டு முகமூடியை இறக்கினால் அதட்டி மாட்டச் சொல்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்தபின் மனசு கேட்பதில்லை. என்னடா சொல்ல வந்தாய்?