இடது கையால் எழுதிய பெட்டிஷன்

23-1-1938, ஞாயிறு

கோப்பை ஆட்டத்தில் மறுபடியும் தோற்றோம். திருச்சிக்காரர்களிடம் இது மூன்றாவது வருஷம். ஆட்டம் முடிந்ததும் மானேஜர் பெரியகருப்பன் அண்ணன் மைதானத்திலேயே சொல்லிவிட்டார்: "எனக்கு ஒடம்பு முடியலப்பா. அடுத்த மானேஜரை நீங்களே பாத்துக்கங்க."

பதினோரு வருஷம் எங்கள் புட்பால் கிளப்பைக் கட்டிக் காத்தவர். யார் ஆடுவது, யார் எங்கே நிற்பது எல்லாம் அவர் வாக்குத்தான். இனி யார்? அடுத்த மாதம் இருபதாம் தேதி மெம்பர்கள் கூடி, கை தூக்கித் தீர்மானிக்க வேண்டுமாம்.

25-1-1938, செவ்வாய்

ஆபீஸ் விட்டதும் நேரே ஆவுடையப்பன் காப்பி கிளப். உள்ளே நுழையும் முன்பே சத்தம் தெருவுக்குக் கேட்டது. இரண்டு பெயர் அடிபடுகிறது. ஒருவன் ரெங்கராஜ். போன வருஷம் வரை எங்கள் சென்டர் பார்வர்டு, இப்போது பஸ் டிரைவர். பையன்களுக்கு பூட்ஸ் மாட்ட வேண்டும் என்கிறான். இன்னொருவர் பங்கிராஸ், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், ஆவூர்க்காரர். வெறுங்கால்தான் என்கிறார்.

"சரளையில ஓடி வளந்த காலுங்க. அதுக்குப் போயி பூட்ஸா?" என்றான் சந்தனராஜ். பங்கிராஸ் கட்சி.

"திருச்சிக்காரன் பூட்ஸ் காலால மிதிச்சா, ஒங்க பங்கிராஸ் வந்து வெரலை ஒட்டவச்சுத் தருவாரா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சந்தனராஜ் மட்டும் சிரிக்கவில்லை. "பங்கிராஸ் சார் சொல்லித்தானே ஒங்க மச்சினனை டீம்லேருந்து எடுத்தாங்க. அந்தக் கடுப்பு ஒங்களுக்கு."

கடுப்பு இல்லவே இல்லையா? இருக்கிறது. அதனால் என்ன? எனக்குக் கோப்பை வேண்டும். ரெங்கராஜ் வந்தால்தான் கிடைக்கும்.

30-1-1938, ஞாயிறு

பிராக்டிஸ் பார்க்கப் போனேன். பங்கிராஸ் என்னைக் கடந்து போனபோது குப்பென்று சாராய வாடை. மணி ஐந்துகூட ஆகவில்லை! பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கிற மனுஷன்!

ரெங்கராஜிடம் சொன்னேன். "விட்ருங்க சார். எதுத்து நிக்கிற ஆளப் பத்தி நான் பேசுனா நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டான். இவனுக்கு விவரம் பத்தாது.

3-2-1938, வியாழன்

எழுதிவிட்டேன். கையெழுத்து தெரியக்கூடாதென்று இடது கையால், கோழி கிளறினது போல. "இப்படிக்கு, கிளப்பின் நலம் விரும்பி." கிளப் தலைவர் வக்கீல் அய்யாவுக்கு.

ஒரு நாள் வந்த வாடை, எழுதும்போது "தினந்தோறும் குடித்துவிட்டு" என்று ஆகிவிட்டது. பெட்டிஷன் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும். அடியில் "நகல்: பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அவர்கள்" என்றும் கை தானாக எழுதியது. பதினாறு வருஷ குமாஸ்தா வேலை! நகல் என்று போட்ட பிறகு அனுப்பாமல் இருப்பதா? இரண்டையும் தபாலில் சேர்த்தேன்.

6-2-1938, ஞாயிறு

கறம்பக்குடி டீமோடு ஆட்டம். முதல் கோல் விழுந்ததும் துள்ளிக் குதித்தேன், வலது கால் பிசகிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து பங்கிராஸ் ஓடி வந்தார். மண்ணில் மண்டியிட்டு என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு புட்டி. "பல்லக் கடிச்சுக்கங்க, ஆத்மநாதன் சார்."

மூடியைத் திறந்ததும் அதே வாடை. அதே வாடைதான்.

"சாராயத்துல கற்பூரம் கரைச்சது. பயலுகளுக்கு இதான் மருந்து. தேச்சுத் தேச்சு எஞ்சட்டையெல்லாம் நாறும். வீட்டுல பிள்ளைங்க கிட்ட வர மாட்டேங்குதுங்க" என்று சிரித்தார்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ரொம்ப வலிக்குதா?" என்று இன்னும் மெதுவாகத் தேய்த்தார்.

7-2-1938, திங்கள்

நொண்டிக்கொண்டே தபாலாபீசுக்குப் போனேன். வியாழக்கிழமை போட்ட கடிதம் எனக்காகக் காத்திருக்குமா? புத்தி கெட்டவன்.

11-2-1938, வெள்ளி

பங்கிராஸை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணையாம். வேலை போனால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? நான்கு பிள்ளைகள்.

காப்பி கிளப்பில் எல்லாரும் ஒரே குரல்: ரெங்கராஜ்தான் எழுதியிருக்கிறான், மானேஜர் ஆகிற ஆசை. நேற்று அவன் வீட்டுக் கதவில் யாரோ சாணியை அடித்திருக்கிறார்கள். நான் பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். என்ன ஜென்மமோ நான்.

13-2-1938, ஞாயிறு

பங்கிராஸும் அவர் மனைவி ஜெபமாலையம்மாளும் வீட்டுக்கு வந்தார்கள். என்னிடம்!

"மருந்து தேச்சது ஒங்களுக்குத் தெரியும். நீங்க எங்களுக்குச் சொந்தமும் இல்ல, ரெங்கராஜு பக்கம் நின்னவரு. நீங்க சொன்னா நம்புவாங்க சார்." ஜெபமாலையம்மாள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தாராளமா வந்து சொல்லுவாக" என்று என் மனைவி பிரகதாம்பாள் முந்திக்கொண்டாள். அவர்கள் போனதும் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மருந்தப் பத்திச் சொன்னா அவரு தப்பிச்சுக்குவாரு. அப்ப ரெங்கராஜு?"

அதன் பிறகு சோறு போட்டாள்.

16-2-1938, புதன்

மருந்தைப் பற்றி மட்டும் சொன்னால் போதாதா? போதும். எனக்குப் போதும்.

18-2-1938, வெள்ளி

விசாரணை. தலைமையாசிரியர், வக்கீல் அய்யா, பங்கிராஸ். சுவரோரம் ரெங்கராஜ்.

மருந்து விஷயத்தைச் சொன்னேன். தலைமையாசிரியர் பங்கிராஸைப் பார்த்து, "திங்கட்கிழமை வேலைக்கு வாரும்" என்றார். பங்கிராஸ் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம்.

வக்கீல் அய்யா ரெங்கராஜ் பக்கம் திரும்பினார். "இனிமே கிளப் வாசலை மிதிக்காதே."

அந்த வாடையைப் பற்றி நான் பேசியது ரெங்கராஜுக்கு மட்டும்தான் தெரியும். பெட்டிஷன் விஷயம் வெளியே வந்தபோதே, எழுதினது யாரென்று அவனுக்குப் புரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"எழுதுனது நாந்தான்" என்றேன்.

வக்கீல் அய்யா சிரித்துவிட்டார். "வேண்டியவனைக் காப்பாத்தப் பாக்குறீர். உம்ம கையெழுத்து எனக்குத் தெரியாதா? முத்து முத்தா இருக்குமே."

மேஜையில் இருந்த பேனாவை இடது கையில் எடுத்தேன். பெட்டிஷனின் முதல் வரியை அவர்கள் முன்னால் எழுதினேன். கோழி கிளறினது போல. பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

பங்கிராஸ்தான் கேட்டார். "ஏன் சார்?"

"வாடை வந்துச்சு சார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

20-2-1938, ஞாயிறு

கூட்டம் நடந்திருக்கிறது. முதல் தீர்மானம், என் பெயரை மெம்பர் பட்டியலிலிருந்து அடித்தது. இரண்டாவது, பங்கிராஸ் மானேஜர். பெயரை முன்மொழிந்ததே ரெங்கராஜ்தானாம். ஆவுடையப்பன் சொன்னான். காப்பியை வைத்துவிட்டு அங்கிட்டுப் போய்விட்டான்.

22-1-1939, ஞாயிறு

திருச்சிக்காரர்களோடு ஆட்டம். போகக்கூடாது என்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை. கயிற்றுக்கு வெளியே கடைசியில் நின்றேன். எங்கள் பையன்கள் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். என்ன ஆட்டம்! ஒன்றுக்கு ஒன்று என்று நின்று, கடைசி நிமிஷத்தில் இரண்டாவது கோல். என்னை அறியாமல் குதித்துவிட்டேன்.

அதே கால்.

மண்ணில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பங்கிராஸ் பார்த்தார். கை பைக்குப் போனது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பையன்கள் வந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

நொண்டிக்கொண்டே வீடு வந்தேன். பிரகதாம்பாள் நல்லெண்ணெய் சுடவைத்துத் தேய்த்தாள்.

"அந்த மருந்து மாதிரி வராது" என்றேன்.

"வராதுதான்" என்றாள்.