டாப்சிக்கின் சுக்கான்

அக்டோபர் 21

நெவில் கணுக்காலை உடைத்துக்கொண்டான். படகில் குடியேறிய பதினொரு வருஷமாக என்னிடம் "குதிக்காதே, இறங்கு" என்று சொல்லிவந்த என் புருஷன், இன்று கயிறும் கையுமாகப் படகிலிருந்து கரைக்குக் குதித்தான். ஈர இலை வழுக்கிவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டதற்கு, "இறங்கும்போது" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கே எனக்கு ஒரு மெடல் தரலாம்.

அக்டோபர் 23

படகை விற்றுவிடலாம் என்கிறான். ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன், அடி பிடித்துவிட்டது.

"அறுபத்திநாலு ஆச்சு தெல்மா. க்ரூ டவுன்ல என் தங்கச்சி வீட்டுப் பக்கம் ஒரு ஃபிளாட் பாத்துக்கலாம்."

படகு விற்கும் யார்டுக்கு ஏற்கெனவே ஃபோன் பண்ணியாயிற்றாம். நவம்பர் 15 அன்று ஒரு தம்பதி பார்க்க வருகிறார்கள். ஆட்லம் ஊரைத் தாண்டி எங்கள் டாப்சிக் படகை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எப்படியும் நகர்ந்துதான் ஆகவேண்டும், ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் கட்டக்கூடாது.

"யாரு ஓட்டிட்டுப் போறது?"

"ஆள் வச்சிக்கலாம்."

"நான் ஓட்டுறேன்."

சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. நாய் ஹார்மோனியம் வாசிக்கிறேன் என்று சொன்னால் சிரிப்போமே, அப்படி.

இந்தக் கால்வாயில் யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஆண் படகின் பின்னால் டீக்கோப்பையோடு நின்று சுக்கான் பிடிப்பான். பெண் கரையில் இறங்கி, மதகுச் சாவியைச் சுற்றி, படகை மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் மாற்றும் கல்தொட்டியில் தண்ணீரை ஏற்றி இறக்கி, முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ளுவாள். எதிரே வருகிற படகிலும் இதே ஏற்பாடுதான். கீழே இறங்கும் ஒவ்வொரு தொட்டியிலும், பின்னால் தண்ணீருக்குள் இருக்கும் கல்படியில் படகின் வால் மாட்டாமலிருக்க, நான் "நெவில், முன்னால வா, படி!" என்று கத்துவேன். அவன் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்குவான். கேட்டுவிட்டது என்று அர்த்தம். சுக்கான் என் கைக்கு வருவது அவன் ஒன்றுக்குப் போகும்போது மட்டும்.

எனக்கு விற்க இஷ்டமில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன். இஷ்டமில்லை, இஷ்டமில்லை. அவனிடம் ஏன் சொல்லவில்லை? பாதிப் படகுதானே எனக்குத் தெரியும். பாதி தெரிந்தவள் எந்த முகத்தோடு வேண்டாம் என்பது?

அக்டோபர் 26

குளிர்காயும் கரியடுப்பு இதுவரை அவன் இலாகா. இன்று நான். சுள்ளி வைத்தேன், கரி வைத்தேன், அழகாகப் பற்றிக்கொண்டது. ஐந்து நிமிஷத்தில் உள்ளே ஒரே புகை, விஷவாயு அலாரம் ஊரைக் கூட்டியது.

"புகைபோக்கி மூடிய எடுத்தியா?" என்று பெஞ்சில் படுத்தபடி கேட்டான்.

"எந்த மூடி?"

இருவரும் கரையில் போர்வையோடு உட்கார்ந்து இருமினோம். தப்பியோடிய வாத்துகள் இன்னும் திரும்பவில்லை.

அக்டோபர் 29

போட்ட கரி காலைவரை அணையவில்லை. அவனிடம் இதைப் பெருமையாக எல்லாம் சொல்லவில்லை. இரண்டு முறைதான் சொன்னேன்.

நவம்பர் 3

சுக்கான் பிடித்தேன்!

இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகும். தெரிந்த விஷயம்தான், ஆனால் கைக்குத் தெரியவில்லை. ஐம்பத்தேழு அடி இரும்பு, பிரேக் கிடையாது. ஒரு வில்லோ மரத்துக்குள் புகுந்து வெளியே வந்தேன். அப்புறம் கட்டியிருந்த ஒரு படகில் மோதினேன். ஜன்னலில் ஒரு ஆள், கையில் முட்டைத் தட்டு, முட்டை சட்டையில்.

"நல்லாத்தான் ஓட்டுற. கெட்டியான சாமானா பாத்து மோதுற," என்றான் நெவில்.

கரிப்படகு மாட்ஜ் பின்னாலேயே வந்தாள். தனி ஆளாகக் கரி விற்கிறாள், தனி ஆளாகத் தொட்டி இறங்குகிறாள். "மெதுவா போனா மெதுவா இடிக்கும். அவ்ளோதான் ரகசியம்," என்று சொல்லிவிட்டு இரண்டு மூட்டைக் கரியை எங்கள் கூரையில் போட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் 7

இதை எழுதிவிட்டுத்தான் தூக்கம்.

ஆட்லத்துக்கு முன்னால் வரும் ஆடர்லியில் ஐந்து தொட்டி, கீழ்நோக்கி. மதகு திறக்க நான் கரையில் இறங்கியாக வேண்டும், அதனால் நெவில் கட்டுப்போட்ட காலோடு ஸ்டூலில் உட்கார்ந்து சுக்கான் பிடித்தான். முகமெல்லாம் பூரிப்பு. மூன்றாவது தொட்டி. தண்ணீர் இறங்க இறங்க, தொட்டியின் பின்கதவுக்கு அடியில் அந்தக் கல்படி வெளியே தெரிய ஆரம்பித்தது. படகு அதன்மேல் உட்கார்ந்தால் வால் மேலே தொங்கும், மூக்கு தண்ணீருக்குள் போகும். எத்தனையோ படகு அப்படி மூழ்கியிருக்கிறது.

அவன் ஃபோனில் இருந்தான், யார்டு ஆளிடம். "பளிங்கு மாதிரி வச்சிருக்கேன், ஒரு கீறல் கிடையாது..."

"நெவில், முன்னால வா! படி!"

விரலைத் தூக்கினான். நகரவில்லை.

க்ரீச்சென்று ஒரு சத்தம். வால் படியில் உட்கார்ந்துவிட்டது. மூக்கு சரிகிறது, உள்ளே கோப்பைகள் எல்லாம் உருள்கின்றன. ஐயோ, நெவில் உள்ளே விழுந்தால், அந்தக் காலோடு— கீழ் மதகை மூடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை, மேல் மதகுக்கு ஓடிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். டாப்சிக் முனகிக்கொண்டு எழுந்து மிதந்தது.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சுக்கானிலிருந்து கையை எடுத்து, "நீ புடி," என்றான்.

மீதி இரண்டு தொட்டியை மாட்ஜ் மாதிரி படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஏறி இறங்கி நானே முடித்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

நவம்பர் 8

உடைந்தது நாலு கோப்பை, ஒரு ஜாம் பாட்டில். ஜாம்தான் எல்லா இடத்திலும்.

நவம்பர் 12

ஆட்லம் பதினைந்து தொட்டியும் இறங்கியாயிற்று. மாட்ஜ் தன் படகை முன்னால் இறக்கிவிட்டு எனக்குக் கதவு திறக்கத் திரும்பி வந்தாள். சுக்கானோடு நான். ஒரு சுவரையும் தொடவில்லை. (ஒன்பதாவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.) எஞ்சினை நிறுத்தியதும் யாரும் சொல்லாமலே படகைத் தள்ளும் விசிறித் தண்டின் கிரீஸ் மூடியை ஒரு சுற்று திருகினேன். சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

நெவில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இருந்தாலும் தெல்மா, வித்துறதுதான் நல்லது. அன்னிக்கு உன்னயும் சேத்து மூழ்கடிச்சிருப்பேன்."

அப்போதும் நான் சொல்லவில்லை.

நவம்பர் 14

யார்டுக்கு முன்னால் படகைத் திருப்ப ஒரே ஒரு இடம்தான் உண்டு. கரையை முக்கோணமாக வெட்டிவிட்டிருப்பார்கள், மூக்கை அதற்குள் நுழைத்துத்தான் வாலைச் சுழற்ற முடியும். அதை விட்டால் நேரே யார்டு.

நெவில் முன்னால் மெத்தையில் காலை நீட்டி, பேக்கன் வைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தான். திருப்புமிடம் வந்தது. வேகத்தைக் குறைத்தேன். மூக்கு உள்ளே போயிற்று.

"தெல்மா, என்ன பண்ற?"

"எனக்கு விக்க இஷ்டமில்ல!" எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. பக்கத்து வயலில் மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

"அத வாயால சொல்லலாம்ல? படகத் திருப்பித்தான் சொல்லணுமா?"

"வாயால சொன்னா நீ விரலத் தூக்குவ!"

படகு குறுக்கே நின்றது. மூக்கு கரையில், வால் எதிர்க்கரை நாணலில். முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது.

நெவில் ரொட்டியைக் கீழே வைத்தான். ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து கரையை எட்டிப் பார்த்தான்.

"வலது பக்கம் எட்டடி இருக்கு," என்றான். "ஆறு... இன்னும் வரலாம்... நாலு. போதும், இப்ப சுத்து."

சுற்றினேன். விற்கவில்லை என்று யார்டுக்கு அவனே ஃபோன் பண்ணினான்.

டிசம்பர் 2

மாவுக்கட்டு பிரித்தார்கள். உள்ளேயிருந்து ஒரு டீஸ்பூன் கிடைத்தது. சொறிவதற்காம்.

ஜனவரி 19

மறுபடி ஆடர்லி, கீழ்நோக்கி. மேலே போய் இரண்டு மாதம் சுற்றியாயிற்று, இடம் மாற வேண்டும். நல்ல குளிர். அடுப்பு உள்ளே கணகணவென்று எரிகிறது, என் டீ கூரையில் ஆவி விடுகிறது.

நெவில் மதகுச் சாவியோடு கரையில் இறங்கினான். குதிக்கவில்லை. எதிரே காத்திருந்த படகின் ஆண்பிள்ளை சுக்கானில் நிற்கும் என்னைப் பார்த்தான், கதவை முதுகால் தள்ளும் நெவிலைப் பார்த்தான். அவன் பெண்டாட்டியும் பார்த்தாள். அவளுடைய சாவி அவள் கையிலேயே நின்றது.

மூன்றாவது தொட்டியில் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் மேலேயிருந்து, "தெல்மா, முன்னால வா! படி!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

நான் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினேன். அப்புறம் திரும்பியும் பார்த்துக்கொண்டேன். படி நாலடி தள்ளி இருந்தது.