நாம் இரண்டு பேரும் உண்ட சோறு

அடுப்பில் சாமை கொதிக்கிறது. மூடியைத் தூக்கினால் உமியும் மழை மண்ணும் கலந்த அந்த வாசம் வீடு முழுக்கப் பரவுகிறது. கடை அரிசிக்கு இந்த வாசம் செத்தாலும் வராது என்பாய். தின்னப்போவது நான் ஒருத்திதான். ஆனாலும் கை இரண்டு பேருக்கு அளந்து போட்டுவிட்டது. ஆலயத்துக்குப் போய் வந்த வெள்ளைச் சேலையை இன்னும் மாற்றவில்லை.

உனக்குக் கடிதம் எழுத வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். சன்னலில் நின்று கூப்பிட்டால் போதும். இப்போது கூப்பிட்டால் கேட்காத இடத்துக்குப் போய்விட்டாய். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. என்மேல் இருப்பது அதைவிடப் பெரிது, அதற்கும் வருகிறேன்.

நம் சபையில் பரிசுத்தம் என்றால் என்ன என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதை அங்குலம் அங்குலமாகத் தைத்துக் கொடுத்தவள் நான். ரவிக்கையின் கை முழங்கை வரை, முதுகு இறக்கம் மூன்று அங்குலம். மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. பூ கிடையாது, பொட்டு கிடையாது, சினிமா கிடையாது, படையல் சோறு கிடையவே கிடையாது. ஒடுகத்தூர் கடைத்தெருவில் என் தையல் கடைக்கு வரும் சபைப் பெண்கள் அளவு சொல்லவே வேண்டாம். நீதான் தொல்லை. மலையில் அரசாங்க நர்ஸாக இருந்தவள், எனக்கு அரைக்கைதான் வேண்டும் என்று நிற்பாய். "கையில அழுக்கு ஆவாம பிரசவம் பாக்க முடியுமாடி? நீளக் கைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்பாய். பக்கத்தில் நிற்கும் பெரிய மூப்பர் மனைவி முகம் சுளிப்பாள். நீ அவளைப் பார்த்தும் சிரிப்பாய்.

புதூர்நாட்டுப் பக்கம் நீ வேலை பார்த்த காலத்தில்தான் மலைக் கிராமத்து அலமேலுவுக்கு மூன்றாவது பிரசவம். குழந்தை வந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. ஜீப் மலை இறங்குகிற நேரம் முழுக்க அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாய். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாமை அறுப்புக்கும் அவள் சொல்லியனுப்புவாள். நீ வேலையைச் சொல்லித் தட்டிக்கழிப்பாய். ஓய்வு பெற்ற வருஷம்தான் போனாய். நல்ல தேன் கிடைக்கும் என்று நானும் உன்னோடு தொற்றிக்கொண்டேன்.

அவர்கள் வழக்கம் நமக்குத் தெரியாததல்ல. புதுச் சாமையைப் பொங்கி முதலில் தங்கள் சாமிக்குப் படைப்பார்கள். படைத்த சோற்றில் முதல் இலை வீட்டுப் பெரியவருக்கு. அவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைப்பார்கள். அன்றைக்கு அலமேலுவின் மாமனார் தன் இலையை உன் முன்னால் நகர்த்தி வைத்தார். "இந்த வூட்ல ரெண்டு உசுரு உங்களுது. நீங்க கை வெச்ச பின்னாடிதான் நாங்க" என்றார். சோற்றில் கற்பூர வாசம் இருந்தது. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ கண்ணை மூடி ஜெபித்தாய், சாப்பிட்டாய். நானும் சாப்பிட்டேன். ஜெபிக்கக்கூட மறந்துவிட்டேன், அவ்வளவு பசி. அவரைக்கொட்டைக் குழம்பு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியதும் நான்தான்.

அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? விட்டாயா நீ? அடுத்த முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு முன்னால் சாட்சி சொல்கிற நேரம். தலைவலி நின்றது, பையனுக்கு வேலை கிடைத்தது என்று ஆளாளுக்கு எழுந்து நன்றி சொல்வார்களே, அதில் நீயும் எழுந்தாய். மலையில் உனக்கு முதல் இலை வைத்ததைச் சொன்னாய். இத்தனை வருஷ வேலைக்கு ஆண்டவர் அந்த வீட்டில் எனக்கு ஒரு பந்தி வைத்தார் என்றாய். சாமிக்குப் படைத்த சோறு என்பதையும் மறைக்கவில்லை. நீ நன்றி சொன்னாய். மூப்பர்களோ, நீ குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். நானும் கூடச் சாப்பிட்ட பேச்சை மட்டும் நீ எடுக்கவே இல்லை. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே மூப்பர்கள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நானும் கூடப் போனவள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என் மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அதே ஆலயம், அதே போதகர். "நீயும் சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார் பெரிய மூப்பர். "இல்லீங்க. வயிறு சரியில்லன்னு சொல்லிட்டேன்" என்றேன். வாய் கூசவில்லை. எனக்கு இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் போதகர் என்னை உதாரணம் காட்டினார். ஒரே மலை, ஒரே வீடு, ஒருத்தி தீட்டுப்பட்டாள், ஒருத்தி தன்னைக் காத்துக்கொண்டாள். இந்தக் காலத்தில் பரிசுத்தமாக ஜீவிப்பது என்றால் இதுதான் என்றார். நாலைந்து பேர் அல்லேலூயா சொன்னார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. பார்த்துத் தொலைத்திருந்தால் அங்கேயே உடைந்திருப்பேனோ என்னவோ.

உன்னைத் திருவிருந்திலிருந்து விலக்கினார்கள். நம் சபையில் விலக்கப்பட்டவர்கள் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் பிரசங்கத்துக்கும் இருக்கலாம். அப்பத் தட்டை எடுக்கும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். அந்த அவமானத்துக்குப் பயந்தே மற்றவர்கள் வேறு சபைக்கு ஓடிப்போவார்கள். நீ ஒவ்வொரு முதல் ஞாயிறும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாய். நேரம் வந்ததும் எழுந்து போய் வாசற்படியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் வெளியே வந்ததும் கேட்பாய்: "இன்னாடி, இன்னிக்கி அப்பம் எப்டி கீது?" கிண்டலா, ஏக்கமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் காய்ந்துபோய்விட்டது என்பேன். திராட்சை ரசம் புளித்ததா, யார் அழுதார்கள், யார் தூங்கிவழிந்தார்கள் என்று ஒன்று விடாமல் விசாரிப்பாய். நானும் சொல்லிக்கொண்டே உன்னோடு வீட்டுக்கு நடப்பேன்.

ஒருமுறை எனக்குத் தாங்கவில்லை. மகள் கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, அடுத்த மாதம் நானும் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போது நீ சொன்னதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. "நீ சும்மா இரு. ரெண்டு பேரும் வெளிய குந்திக்கினா உள்ள நடந்தத யாரு வந்து சொல்றது?" என்றாய். நானும் சரி என்றேன். எவ்வளவு சீக்கிரம் சரி என்றேன் தெரியுமா? நீ சொல்லி முடிப்பதற்குள். இதற்குத்தான் உன்மேல் கோபம். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டாய். கடைசிவரை கோழையாகவே இருந்துகொள் என்று எனக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் போனாய்.

பிறகு நீ படுத்துவிட்டாய். கல்லீரல் என்றார்கள். வேலூருக்குக் கொண்டுபோனோம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றதும் திரும்பக் கொண்டுவந்தோம். வீட்டுக்கு வந்து உனக்குத் திருவிருந்து கொடுக்கும்படி போதகரிடம் நான்தான் போய்க் கேட்டேன். கொடுக்கலாம், ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி வா என்றார். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து உன் கட்டிலருகே உட்கார்ந்தேன். உனக்குப் பேசவே மூச்சு போதவில்லை. "அந்த சோறு துன்னது தப்புன்னு எழுதினா, அலமேலு மூஞ்சில துப்புன மாதிரி ஆவும். ஆண்டவருக்குத் தெரியும், வுடு" என்றாய். எனக்கு மட்டும் தெரியாதா? அந்த நோட்டில் அன்றைக்கு நான் என் கடிதத்தை எழுதியிருக்கலாம். வெற்றுத் தாளோடு வீட்டுக்கு வந்தேன். அந்த வாரத்திலேயே நீ போய்விட்டாய்.

உன் பெட்டியை ஆலயத்துக்குள் கொண்டுபோக விடவில்லை. கேட்டருகே வைத்து ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அவ்வளவுதான். மலையிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கல்லறைவரை உன்னைத் தூக்கியவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். நம் சபை ஆண்கள் யார் தோள் கொடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வெள்ளைச் சேலையில், முழங்கைவரை கை வைத்த ரவிக்கையில், சபைக்கு உதாரணமாக நின்றேன்.

போன வாரம் அலமேலு கடைக்கு வந்தாள். தலையில் ஒரு சின்னச் சாமை மூட்டை. மூப்பர் மனைவி அப்போது எனக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். மூட்டையைத் தையல் மிஷின்மேல் இறக்கி வைத்து அலமேலு சொன்னாள்: "நர்ஸம்மா பங்கு இது. அவுங்கதான் இல்லாம போய்ட்டாங்க. அன்னிக்கி நீங்களும் கூட குந்தித் துன்னீங்களே, அதான் உங்களாண்ட குடுக்கலாம்னு வந்தேன்." என் கையில் அளவு நாடா அப்படியே நின்றது. அவளுக்கு நம் சபையும் தெரியாது, நீ படியில் உட்கார்ந்ததும் தெரியாது. நீ சொல்லியிருக்கவே மாட்டாய். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள்.

அவள் போகும்வரை மூப்பர் மனைவி அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன். அவளோ தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். "பயப்படாத, யாராண்டயும் சொல்ல மாட்டேன். எங்க அண்ணன் வூட்டுப் படையல நானும் துன்றதுதான். எல்லாரும் எங்கியோ துன்றதுதான். அந்தம்மா எழுந்து நின்னு சொன்னாங்க பாரு, அதான் தப்பா போச்சி" என்றாள். பிறகு ரவிக்கைக் கையை இன்னும் ஓர் அங்குலம் இறக்கித் தைக்கச் சொன்னாள்.

எல்லோருமாம்! அடிப் பாவி, இது உனக்குத் தெரியுமா? தெரிந்தேதான் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாயா? உன்னைப் புனிதவதி ஆக்க நான் வரவில்லை. பிடிவாதக்காரி, வாய்த்துடுக்கு, ஆலயத்துக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்தவளில்லை. ஆனால் மலையில் ஒரு வாய், ஆலயத்தில் ஒரு வாய் என்று உனக்கு இரண்டு வாய் இருந்ததில்லை. எங்களுக்கு இருந்தது. அதை மறைக்கத்தான் இத்தனை கஜம் வெள்ளைத் துணி வெட்டினேன்.

இன்றைக்கு முதல் ஞாயிறு. சாட்சி நேரத்தில் எழுந்தேன். நானும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன், மூப்பர்களிடம் பொய் சொன்னேன், என் பொய்யைக் கேட்டுக்கொண்டே அவள் வெளியில் உட்கார்ந்து செத்துப்போனாள் என்றேன். இப்போது இருப்பவர் புதிதாக வந்த போதகர், சின்ன வயது. "பழசெல்லாம் எதுக்கும்மா, ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, உக்காருங்க" என்றார். பெரிய மூப்பர் குனிந்து வேதப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் மனைவி என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். யாருக்கும் கோபம் வரவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. சாகக் கிடந்த உன்னிடம் கேட்டார்களே, குத்துக்கல் மாதிரி நிற்கிற என்னிடம் கேட்கவில்லை.

அப்பத் தட்டு வரிசையில் என்னிடம் வந்தது. வாங்கி, எடுக்காமல், பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தேன். எழுந்து வெளியே போய் உன் படியில் உட்கார்ந்தேன். வெயிலில் படி சுட்டது. நீ ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் வந்தார்கள், என்னைத் தாண்டிக் குனிந்து செருப்பைத் தேடினார்கள், போனார்கள்.

சோறு வெந்துவிட்டது. முதல் இலையை உன் பக்கம் போட்டிருக்கிறேன். இதுவும் படையல்தான் என்பார்கள், என்னவோ சொல்லிக்கொள்ளட்டும். இனி முதல் ஞாயிறுதோறும் அந்தப் படிதான் எனக்கு. ஆனால் இன்றைக்கு அப்பம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டுவிடாதே. நானும் வெளியே குந்திவிட்டேன், உள்ளே நடந்ததை வந்து சொல்ல இப்போது நமக்கு யாருமில்லை.