தட்டி எழுப்பிய தட்டணு

லேப் மகாராணி அக்காவுக்கு,

ரத்தத்தை உறையவைக்கும் என் தட்டணுக்கள் சும்மாவே கொதிப்பதாக உங்கள் லேசர் மெஷின் சொல்லிவிட்டதாம். ரத்தம் உறையாமலிருக்க நாளை ஊசியாம். போட்டால் வயிற்று ஆபரேஷன் தையலில் ரத்தம் கசியலாம் என்று டாக்டரே சொன்னார்.

வராந்தாவில் நீ தோழியிடம் கிசுகிசுத்தது கேட்டது: "தட்டணுவை அடையாளம் காண டெஸ்ட்ல சேர்த்த ஆன்டிபாடியே அதுல ஒட்டிக் கிளப்பிவிட்டிருக்கும்டி. தம்பிக்காகப் பேசுறேன்னு நினைப்பாங்களேன்னுதான் வாய மூடிட்டிருக்கேன்."

தூங்குபவனைத் தட்டிவிட்டு, "சார், இவன் முறைக்கிறான்" என்று போட்டுக்கொடுப்பது வகுப்பில் என் வேலை. தட்டினால் தட்டணு எழாதா? வேறு ஆன்டிபாடி சேர்த்து மறுபடி பார்க்கச் சொல். தம்பிக்காகக் கேட்காதே, நோயாளிக்காகக் கேள்.

எனக்குப் பயமில்லை. நர்ஸின் கையை நான் விடாமல் பிடித்திருந்தது, அவருக்கு நாடி பார்க்க.

இப்படிக்கு,
தையல் போட்டும் திருந்தாத உன் அறுந்தவால்