பழுப்பு நிற மிட்டாய்

பெரம்பலூர்,
புதன் இரவு.

அன்புள்ள இசைமதி அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். லப்பைக்குடிக்காடு ஜபருல்லா பாய் விடிகாலையில் துபாய்க்குக் கிளம்புகிறார். போகிற வழியில் பார்சலை வாங்கிக்கொள்கிறேன் என்றார். அத்தை தூங்கிய பிறகுதான் என்னால் பேனா எடுக்க முடிகிறது.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. எலுமிச்சை ஊறுகாய் வைத்திருக்கிறேன். ரூமில் இருப்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு நீங்கள் வெறும் சோறு தின்னாதீர்கள்.

பாப்பா பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய பொம்மை வந்தது. வயிற்றை அமுக்கினால் பாடுகிறது. "மைக்செட்டுக்காரன் மவளுக்குப் பாட்டுப் பொம்மையா, பொருத்தந்தான்" என்று பக்கத்து வீட்டு லீலாவதி அக்கா கிண்டல் செய்தார். பாப்பா அதன் கண்ணில் எரிந்த சிவப்பு லைட்டைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள். பாட்டு நின்றதும் லைட்டும் அணைந்தது. கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாள். போன கடிதத்தை நீங்கள் படிக்கவில்லை என்று எனக்கு நிச்சயமானது அப்போதுதான்.

கல்யாணமான புதிதில் அரியலூர் பஸ்ஸில் ஒரு கதை சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? வான் ஹேலன் என்கிற அமெரிக்க ராக் குழு, தடிமனான ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு வரி எழுதி வைக்குமாம். அறையில் கிண்ணம் நிறைய மிட்டாய் வேண்டும், ஆனால் பழுப்பு நிறத்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று. ஊரே அதைத் திமிர் என்றது. உண்மையில் அது பரீட்சை. கிண்ணத்தில் பழுப்பு மிட்டாய் கிடந்தால், மேடை தாங்க வேண்டிய எடையைப் பற்றி எழுதியதையும் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். எல்லாவற்றையும் மறுபடி சோதிப்பார்களாம். மைக்செட்டும் மேடையும் போடுறவன் மனைவிக்கு இது தெரிஞ்சிருக்கணும் என்று என் தலையில் குட்டினீர்கள்.

அதை நினைத்துத்தான் போன கடிதத்தின் நடுவில் நானும் ஒரு வரி எழுதினேன். இதைப் படித்தால், அடுத்த போனில் முதல் பேச்சாக "பூனைக்குச் சோறு வெச்சியா" என்று கேளுங்கள் என்று. நம் வீட்டில் பூனையே கிடையாது. விளையாட்டாகத்தான் எழுதினேன். நீங்கள் போனில் மழை பெய்கிறதா என்றீர்கள். கடிதம் வந்ததா என்றதற்கு, "எல்லாம் படிச்சேன், முறுக்கு சூப்பர்" என்றீர்கள்.

அந்த வரிக்கு அடுத்த பாராவில்தான் பாப்பாவைப் பற்றி எழுதியிருந்தேன். மறுபடியும் எழுதுகிறேன். அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவளை அரியலூரில் டாக்டரிடம் காட்டினேன். இரண்டு காதும் கேட்கவில்லை. ஆபரேஷன் செய்து கருவி வைத்தால் கேட்குமாம். பேசவும் பழக்கலாம். தள்ளிப்போடப் போட, பேச்சு வருவது கஷ்டம் என்றார். செலவைக் காப்பீட்டில் பார்த்துக்கொள்ளலாமாம்.

வந்து சொன்னால் அத்தையோ, "அவ அப்பன் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். புள்ள மண்டையில கத்தி வைக்க விடமாட்டேன். கடல் தாண்டி இருக்கறவன்கிட்ட இதச் சொல்லி அவன் உசுர வாங்காத" என்கிறார்கள். அதனால்தான் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்காருகிறார்கள். நீங்கள் சொன்னால் மட்டும் கேட்பார்கள்.

நாளெல்லாம் இரும்பு தூக்கிவிட்டு வருகிறவருக்குக் கடிதம் படிக்கக் கண் திறக்காது. தெரியும். ஆனாலும் இதுவரை எழுதியதையெல்லாம் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எது உங்களிடம் வந்து சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரியவில்லை.

நான் தாலாட்டும்போது பாப்பா என் தொண்டையில் கை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். இப்போதும் அந்தக் கை என் மடியில் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தில் நடுவில் எதுவும் ஒளித்து வைக்கவில்லை. பூனையைப் பற்றிக் கேட்க வேண்டாம். அத்தையிடம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
சண்முகப்பிரியா